கலப்பு மீன் தொட்டிக்கான உணவு முறை
கப்பி, நியான் டெட்ரா, கோரிடோரஸ் ஆகியவை சேர்ந்து வாழும் நன்னீர்த் தொட்டியில் ஒரே வகைத் தீவனத்தைத் தூவினால், மேல்மட்டத்தில் பாய்ந்து வரும் கப்பிகளே பெரும்பகுதியைத் தின்றுவிட, அடியில் மீசையால் மணலைத் துழாவும் கோரிடோரஸ் அரைப்பட்டினி கிடக்கும். எனவே காலையில், விரல்களால் நன்கு பொடித்த செதில் தீவனத்தை 2 நிமிடங்களுக்குள் தீரும் அளவு மட்டும் இடுங்கள். இரவில் விளக்கை அணைத்து, மற்ற மீன்கள் அடங்கிய பின், மூழ்கும் தீவன வில்லைகளைப் போடுங்கள். மீந்த தீவனம் அழுகினால் நீரில் அமோனியா ஏறும் என்பதால், மறுநாள் காலையில் மணல்மேல் ஊறிப்போன துணுக்குகள் தென்பட்டால் அவற்றைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அன்றிரவு அளவைக் குறையுங்கள். நலமாக உள்ள வளர்ந்த மீன்களை வாரத்தில் 1 நாள் உணவின்றி விடலாம். குஞ்சுகளுக்கு இது கூடாது. வீட்டில் பலரும் தீவனம் இடுவதுண்டு என்றால், இட்ட நேரத்தைத் தொட்டியருகே குறித்து வைப்பது மிகவும் அவசியம்.