லண்டனின் இதமான குளிர்காலத்தைக் கல்ஃப் ஸ்ட்ரீம் கணக்கில் எழுதுவதும் மற்ற தவறுகளும்

லண்டன் 51 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. கனடாவின் செயின்ட் ஜான்ஸ் அதைவிடத் தெற்கே, 47 டிகிரியில். ஆனால் ஜனவரியில் லண்டனின் சராசரி வெப்பநிலை சுமார் 5 டிகிரி செல்சியஸ். செயின்ட் ஜான்ஸில் உறைநிலைக்கும் கீழே. ஏன் என்று கேட்டால் பள்ளியில் படித்த பதில் சட்டென்று வரும்: கல்ஃப் ஸ்ட்ரீம், அதாவது அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம்.

சரி, வான்கூவருக்கு என்ன சொல்வது? அது 49 டிகிரியில், பசிபிக் ஓரம். கல்ஃப் ஸ்ட்ரீம் அந்தப் பக்கமே கிடையாது. ஆனாலும் குளிர்காலம் கிட்டத்தட்ட லண்டன் மாதிரிதான். கடல் கோடையில் வாங்கி வைத்த வெப்பத்தைக் குளிர்காலத்தில் வெளியே விடுகிறது. மேற்கிலிருந்து வீசும் காற்று அதைக் கரைக்குக் கொண்டுவருகிறது. இரண்டு ஊருக்கும் இது பொது.

இன்னொரு காரணம் ராக்கி மலைத்தொடர். மலையேறும் காற்றுத்தூண் அமுங்கி, தெற்கே திரும்புகிறது. கடந்த பிறகு மறுபடி வடக்கே வளைகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளும் இந்த வளைவு ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். அதனால் கிழக்குக் கனடாவுக்கு வடமேற்கிலிருந்து ஆர்க்டிக் குளிர், ஐரோப்பாவுக்குத் தென்மேற்கிலிருந்து கடலின் இதம். 2002-இல் காலநிலை ஆய்வாளர் ரிச்சர்ட் சீகரும் சகாக்களும் கணினி மாதிரியில் மலைகளை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். ஐரோப்பா குளிர்ந்தது, கிழக்குக் கனடாவின் கடுங்குளிர் தணிந்தது. அதற்காகக் கல்ஃப் ஸ்ட்ரீம் சும்மா என்று எதிர்ப்பக்கம் சாய வேண்டாம். அதன் வடக்கு நீட்சி நார்வே கரையைப் பனிக்கட்டி நெருங்காமல் காக்கிறது.

அடுத்த தவறு, சுழல் என்றதும் புயலை மட்டும் நினைப்பது. சராசரி ஓட்டத்திலிருந்து காற்று விலகி வளைந்தாலே வானிலை அறிவியலில் அது சுழல்தான். மேலே சொன்ன மலை வளைவும் அப்படி ஒன்று, நகராத சுழல். நகரும் சுழல்களை 'சராசரி எடுத்தால் அடிபட்டுப்போகும்' என்று தள்ளுவதும் உண்டு. வடக்கே போகிற காற்றும் தெற்கே வருகிற காற்றும் அளவில் ஏறக்குறைய சமம்தான். ஆனால் போகிற காற்றில் வெப்பம் அதிகம், வருகிறதில் குறைவு: போகிற லாரியில் சரக்கு, வருகிற லாரி காலி! நடு அட்சரேகைகளில் துருவத்தை நோக்கிப் போகும் வெப்பத்தின் பெரும்பங்கு இப்படித்தான் போய்ச் சேருகிறது.

ஒரு வளைவு வாரக்கணக்கில் நகராமல் நின்றால் வேறு கதை. 2010 ஜூலையில் ரஷ்யாவின் மேல் உயர் அழுத்தம் அப்படி உட்கார்ந்துகொண்டதில் மாஸ்கோ 38 டிகிரியைத் தாண்டியது.

ஓர் ஊரின் குளிரை வைத்து 'புவி வெப்பமாதல் பொய்' என்பவர்களை விட்டுவிடலாமா? 2014 ஜனவரியில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதி நடுங்கியது. அந்தக் குளிரைக் கொண்டுவந்த காற்று வளைவின் மறுபக்கத்தில், அலாஸ்காவில், வழக்கத்தைவிட வெப்பம்.