டபிள் கப்பில இருக்கிற சேஃப்ரி சிஸ்ரங்களை எங்கட ரோட்டில எப்பிடிப் பாவிக்கிறது

டபிள் கப் (ரெண்டு வரிசை சீற்றும் பின்னால திறந்த பெட்டியும் இருக்கிற பிக்கப்) எடுத்த கையோட எங்கட ஆக்கள் செய்யிற முதல் வேலை முன்னுக்கு ஒரு புல் பார், அதுதான் இரும்புக் குழாய்க் காப்பு, பூட்டுறது. வடிவாத்தான் இருக்கும், ஆனா தானாப் பிறேக் பிடிக்கிற வாகனமெண்டா அதின்ர றேடார் கனக்க மொடல்களில முன் எம்பிளத்துக்குப் பின்னாலதான் இருக்கு, அதுக்கு நேர முன்னால இரும்புக் குழாயைக் கொண்டுபோய் வைச்சா அது என்னத்தைப் பாக்கிறது? மச்சான்ர கப்பில பூட்டின அண்டைக்கே டாஷ்போட்டில செம்மஞ்சள் எச்சரிக்கை லைற் வந்தது, மனுசன் அதுக்கு மேல கறுப்பு ரேப் ஒட்டிப்போட்டு ஓடித் திரிஞ்சவர்.

முதல்ல உங்கட வாகனத்தில என்ன இருக்கெண்டு பாருங்கோ, ஒரே மொடல், ஒரே வருசம் எண்டாலும் கிறேட்டுக்குக் கிறேட் மாறும். உள் கண்ணாடிக்குப் பின்னால, முன் கிளாசோட ஒட்டி ஒரு கறுப்புப் பெட்டி இருந்தா அநேகமா கமெரா. சைற் கண்ணாடி மூலையில சின்னதா ரெண்டு கார் படம் இருந்தா பிளைண்ட் ஸ்பொற், அதாவது கண்ணாடியில தெரியாத பக்கத்தில வாகனம் வந்தா லைற் போட்டுக் காட்டுறது. பழசு வாங்கிறவை இன்னொண்டும் செய்யுங்கோ: சாவியை ஓன் பண்ணேக்க ஏபிஎஸ் (பிறேக் அமத்தேக்க சில்லு இறுகாமல் பாக்கிறது), விஎஸ்சி (வாகனம் வழுக்கிப் போகாமல் பிடிக்கிறது) லைற்றுகள் ஒருக்கா எரிஞ்சு நூரவேணும், எரியவே இல்லையெண்டா ஆரோ பல்ப்பைக் கழட்டி பிழையை மறைச்சிருக்கலாம்.

இனி ஓட்டத்துக்கு வருவம். தானாப் பிறேக் பிடிக்கிறது முக்கியமா முன்னால போற வாகனத்தின்ர பின்பக்கத்தையும் ஆக்களையும் பாத்துத்தான், மாடு அநேகமான சிஸ்ரங்களின்ர கணக்கில இல்லை. பளைக்கும் பரந்தனுக்கும் இடையில பொழுதுபட ஏ9 ரோட்டில படுத்துக் கிடக்கிற மாட்டை அது கண்டுபிடிக்குமெண்டு நம்பிப் போகாதேங்கோ. அதைவிட மோசம் லைற் இல்லாத உழவு மெசின் பெட்டி, பின்பக்கம் பதிவா இருக்கும், மரம் வேற வெளிய நீட்டிக்கொண்டு நிக்கும், இப்பிடியானதுகளைப் பிடிக்காமல் விடலாமெண்டு கொம்பனிக்காரரே மனுவலில எழுதி வைச்சிருக்கினம்.

பாரம் ஏத்தினாலும் கவனம். 50 கிலோ சீமெந்துப் பை 20 ஏத்தினா 1000 கிலோ, பின்பக்கம் பதிஞ்சு மூக்கு மேல தூக்கும், அப்ப கமெராவும் றேடாரும் ரோட்டை விட்டிட்டு வானத்தைப் பாக்கும், ஹெட்லைற்றும் எதிர வாறவன்ர கண்ணுக்குள்ளதான். பாரத்தைப் பின் அச்சுக்கு முன்பக்கமாத் தள்ளி அடுக்குங்கோ, லைற் லெவலைக் கீழ இறக்குங்கோ, முன் வாகனத்தோட இடைவெளியைக் கூட்டுங்கோ.

லேன் உதவி (கோட்டைத் தாண்டினா எச்சரிச்சு உள்ளுக்குத் திருப்பிறது) பொதுவா 50 கிலோமீற்றருக்கு மேலதான் வேலை செய்யும், கோடும் வேணும். ஏ9 இல சரி, ஒழுங்கையளுக்குள்ள அதைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை. சைக்கிள்காரரை விலத்தேக்க சிக்னல் போடாமல் வெளிய எடுத்தா அது உங்களைத் திருப்பி உள்ளுக்கு இழுக்கும், அப்ப வாற பயம் சொல்லி வேலையில்லை. சிக்னலைப் போட்டா பேசாமல் இருக்கும், அவ்வளவுதான்.

றிவேர்ஸ் சென்சர் மதிலைப் பிடிக்கும், முள்ளுக்கம்பியைப் பிடிக்காமல் விடும். எங்கட வளவுகளில பாதி முள்ளுக்கம்பிதானே, அதால இறங்கிப் பாத்திட்டு எடுக்கிறதுதான் என்ர பழக்கம்.

மணற்காட்டுப் பக்கம் மணலில புதைஞ்சா ஆக்சிலை அமத்தாதேங்கோ, சில்லு சுத்தத் தொடங்க ரக்சன் கொன்ற்றோல் (சில்லு வழுக்கிச் சுத்தாமல் பாக்கிறது) எஞ்சின் இழுவையைக் குறைச்சுப்போடும். அதின்ர பட்டனை அமத்தி நிப்பாட்டுங்கோ (சிலதில மூண்டு செக்கனுக்கு மேல பிடிச்சா விஎஸ்சியும் சேந்து போகும்), ரயர் காத்தைக் குறைச்சு மெல்லமா எடுங்கோ, தார் ரோட்டுக்கு வந்த உடன பட்டனைத் திருப்பிப் போடுங்கோ. இதைத்தான் கனபேர் மறக்கிறது.

வள்ளம் இழுக்கிறவை, ரெயிலர் பின் பம்பர் றேடாரை மறைக்கும், அதால பிளைண்ட் ஸ்பொற் லைற்றை நம்பி லேன் மாத்தாதேங்கோ. கனடாவில இருக்கிற சித்தப்பா ஃபோர்ட் எஃப்-250 எண்ட பெரிய பிக்கப்பின்ர வீடியோ அனுப்புவார், அதில ரெயிலர் நீளத்தையும் சேத்துப் பாக்கிற வசதி இருக்கு, உதை எங்கட கப்பில தேடாதேங்கோ.

கழுவேக்க எம்பிளத்தையும் பின் பம்பர் ரெண்டு மூலையையும் ஈரத்துணியால துடையுங்கோ, ஆனையிறவால அடிக்கடி போய்வாறவை உப்புப் படிய விடாதேங்கோ. முன் கிளாஸ் மாத்தினா கமெராவைத் திருப்பி கலிபிறேற் பண்ணத்தான் (பார்வையைச் சரியா அளந்து செற் பண்ணத்தான்) வேணும், கிளாஸ் விலை கேக்கேக்கயே அதையும் சேத்துக் கேளுங்கோ. மச்சான் புல் பாரைக் கழட்டி, றேடாரையும் சரிபாத்த பிறகுதான் அந்த லைற் நூந்தது, கறுப்பு ரேப்பின்ர பசை மட்டும் இன்னும் டாஷ்போட்டில இருக்கு.