புதுத் தொட்டிக்கு மாறும்போது வெள்ளைப் புள்ளி நோயைக் கூடவே கொண்டுபோகாமல் இருக்க

என் 120 லிட்டர் உப்புநீர் தொட்டியில் நீல டேங் மீன் பாறையில் உடம்பை உரசத் தொடங்கியது. இடம் போதாமல்தான் தவிக்கிறது, பெரிய தொட்டிக்குப் போனால் சரியாகிவிடும் என்று நம்பினேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பாறை, பவளம், மீன் எல்லாவற்றையும் 300 லிட்டர் தொட்டிக்கு மாற்றினேன். பதினோராம் நாள் காலையில் அதன் பக்கத் துடுப்பில் பொடி உப்பைத் தூவியதுபோல் புள்ளிகள். மூன்று வாரத்தில் ஐந்து மீன்களில் மூன்றை இழந்தேன். அதற்குப் பிறகு நான் பின்பற்றும் முறை இது: மீன்கள் ஒரு பக்கம், பாறையும் பவளமும் இன்னொரு பக்கம். தொட்டி மாற்றுவதும் நோயை ஒழிப்பதும் ஒன்றாகவே நடக்கும்.

முதலில் நோய் எது என்று பாருங்கள்

எண்ணிவிடக்கூடிய அளவில், உப்புக் கல் போன்ற வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது பெரும்பாலும் இக், அதாவது வெள்ளைப் புள்ளி நோய். மாவு தூவியதுபோல் மிக நுண்ணிய படலம் தெரிந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கினால் வெல்வெட் என்ற வேறொரு ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். வெல்வெட் இரண்டு மூன்று நாளில் மீனையே காலி செய்துவிடும்; அப்போது புதுத் தொட்டி வேலையைத் தள்ளிவைத்துவிட்டு அன்றே சிகிச்சையைத் தொடங்குங்கள்.

இக் கிருமி மீன் உடம்பில் 3 முதல் 7 நாள்தான் இருக்கும். பிறகு உதிர்ந்து மணலிலும் பாறையிலும் கண்ணாடியிலும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் வெளிவந்து மீனைத் தேடும். புள்ளி மறைந்ததும் 'குணமாகிவிட்டது' என்று பலரும் ஏமாறுவது இதனால்தான். சில கூடுகள் வெடிக்க இரண்டு மாதத்துக்கும் மேல் ஆகும். 76 நாள் மீனே இல்லாமல் வைத்தால்தான் தொட்டி சுத்தமாகும் என்ற கணக்கு இங்கிருந்து வந்தது.

மீனுக்குத் தனித் தொட்டி

60 முதல் 80 லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்று, ஸ்பான்ஜ் ஃபில்டர், ஹீட்டர், மூடி. ஒளிந்துகொள்ள, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிவிசி எல்போக்கள். மணலும் பாறையும் வேண்டாம். இக்கைக் கொல்ல நீரில் கலக்கும் காப்பர் (செம்பு) மருந்தை அவை உறிஞ்சிக்கொள்ளும். ஸ்பான்ஜை முன்கூட்டியே பழைய தொட்டியின் சம்ப்பில் (வடிகட்டி வைக்கும் துணைத் தொட்டி) மூன்று நான்கு வாரம் போட்டு வைத்தால் மீன் கழிவில் வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியேறியிருக்கும்.

காப்பரின் அளவு மருந்துக்கு மருந்து மாறும், புட்டியில் உள்ளதையே பின்பற்றுங்கள். நீண்ட நேரம் நீரில் நிற்கும் கீலேட்டட் வகைகளில் பல 2.0 முதல் 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை கேட்கும். இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றி, 30 நாள் இடைவெளியில்லாமல் அதே அளவில் நிறுத்த வேண்டும். ஒருநாள் குறைந்தாலும் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்குங்கள். கண்ணால் நிறம் பார்க்கும் கிட்டை நம்பாமல் டிஜிட்டல் செக்கர் வாங்குவது நல்லது. இந்த வேலையில் நான் மிச்சம் பிடிக்க மாட்டேன் என்று சொல்லும் செலவு இது ஒன்றுதான்.

அம்மோனியா ஏறினால் நீரை மாற்றுங்கள். ஊற்றும் புது நீரிலும் அதே அளவு காப்பர் கலந்திருக்க வேண்டும். அம்மோனியாவைக் கட்டும் திரவத்தைக் காப்பரோடு சேர்க்காதீர்கள், மீனுக்கு விஷமாகலாம். பவளம், இறால், நத்தை எதுவும் இந்தத் தொட்டிக்குள் வரக்கூடாது. காப்பர் அவற்றைக் கொன்றுவிடும்.

புதுத் தொட்டி

300 லிட்டர் நீர் மட்டுமே 300 கிலோவுக்கு மேல். கண்ணாடியும் பாறையும் தனி. ஸ்டாண்டை வைத்து ரசமட்டம் பாருங்கள், சாதாரண நீர் நிரப்பி இரண்டு நாள் கசிவு பாருங்கள். உப்பு கலக்க வீட்டு ஆர்ஓ நீர் போதாது. பல ஆர்ஓ இயந்திரங்கள் தாதுவைத் திரும்பச் சேர்த்துவிடும். மீதமுள்ள உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ பிசின் வழியாக வந்து, டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 0 காட்டும் நீர்தான் வேண்டும். முந்தைய நாளே கலந்து, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) வந்ததா என்று பாருங்கள். பழைய தொட்டியின் ஆல்கலினிட்டியையும் (நீரின் காரத்தன்மை) அளந்து ஒப்பிடுங்கள், ஒரே நாளில் 8 டிகேஹெச்சிலிருந்து (dKH, காரத்தன்மையின் அலகு) 11-க்குத் தாவினால் கல் பவளங்கள் வாடிவிடும்.

கூடுதல் பாறை வேண்டுமென்றால் உலர்பாறையோ செராமிக் பாறையோ வாங்குங்கள். மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது பவளம் விற்றால் தொடவே வேண்டாம். கல் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. அந்தப் பவளப்பாறைகளுக்கு நம் தொட்டிக்காக ஒரு துண்டைக்கூட இழக்கும் நிலை இல்லை.

மாற்றும் நாள்

மீன்கள் ஏற்கெனவே தனித் தொட்டியில் இருக்கும். பழைய நீரை டிரம்களில் எடுத்து, பவளங்களை முதலிலும் பாறைகளை அடுத்தும் அதில் மூழ்கவிடுங்கள். பாறையை நீருக்குள்ளேயே அசைத்து அழுக்கை உதறுங்கள். பழைய மணலை எடுத்து வராதீர்கள்; கிளறினால் அடியில் தங்கிய கழிவு மொத்தமும் நீரில் கலந்துவிடும். பாக்டீரியா பாறையில் இருக்கிறது, அது போதும். விளக்கை முதல் வாரம் பாதி வெளிச்சத்தில் வைத்து, மூன்று வாரத்தில் ஏற்றுங்கள்.

அந்த 76 நாள்

கடைசி மீன் வெளியேறிய நாளிலிருந்து எண்ணிக்கை. 'ஒரே ஒரு கோமாளி மீன் இருக்கட்டுமே' என்று மனம் கெஞ்சும். அந்த ஒரு மீன் போதும், கிருமி பிழைத்துக்கொள்ளும். இறாலுக்கும் பாக்டீரியாவுக்கும் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை தீவனம் போடுங்கள். வலை, வாளி, டியூப் இரண்டு தொட்டிக்கும் தனித்தனி. சோதனைக்குக் கை விட்டால் கழுவித் துடைத்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

30 நாள் முடிந்ததும் தனித் தொட்டியில் காப்பரை உறிஞ்சும் கார்பன் (கரி) போட்டு, நீர் மாற்றிக் காப்பரை இறக்கி, மீதி நாள்களில் மீன்களைக் கவனித்துக்கொண்டே இருங்கள். 77-ஆம் நாள் முதலில் கோமாளி மீன்கள், ஒரு வாரம் கழித்து மற்றவை, சண்டைக்காரனான டேங் கடைசியில்.

தனித் தொட்டியைக் கழுவி, அதே மூலையில் வையுங்கள். அடுத்து வாங்கும் எந்த மீனும் முதல் 30 நாள் அங்கேதான் இருக்க வேண்டும்.