தூர இடத்துக்கு இயந்திரம் திருத்தப் போகிறவர்கள் வழியில் விடும் தவறுகள்

திருகோணமலை நகரில் இருந்துகொண்டு அலுவலக இயந்திரங்கள் திருத்தும் ஒருவருக்கு நகரத்து வேலை மட்டும் சோறு போடாது. வடக்கே குச்சவெளி, புல்மோட்டை, தெற்கே கிண்ணியா, மூதூர், வெருகல், மேற்கே கந்தளாய், ஹொறவப்பொத்தானை என்று போட்டோக்கொப்பி இயந்திரமோ பிரிண்டரோ யூபிஎஸ்ஸோ பழுதான இடமெல்லாம் போய்வந்தால்தான் மாதம் ஓடும். இந்தத் தொழிலில் இருக்கும் நாங்கள் இயந்திரத்தின் மூடியைக் கழற்றும் நேரத்திலிருந்து அதை மூடும் நேரம் வரையே வேலை என்று கணக்கு வைத்திருக்கிறோம். போகும் வழியையும் திரும்பும் வழியையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை, நான் விட்டவையும் உட்பட, இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை.

"மெஷின் வேலை செய்யுதில்லை, உடனே வாங்கோ தம்பி" என்ற ஒரு வரியை மட்டும் நம்பி வாகனத்தை எடுப்பது முதல் தவறு. இயந்திரத்தின் மாதிரி இலக்கம், திரையில் தெரியும் எரர் கோட், இதுவரை எடுத்த பிரதிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பும்படி கேட்டால் ஐந்து நிமிடம்தான் செல்லும். கேட்காமல் வெருகல்வரை போய், தாளை இழுக்கும் சிறு ரப்பர் உருளை ஒன்று கையில் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பிய நாளில், எனக்குப் பெற்றோல் செலவைவிட அந்தக் கோபத்தோடு வண்டி ஓட்டியதுதான் ஆபத்தாக இருந்தது. நேரம் பார்க்காமல் போவதும் இதன் தம்பிதான். பாடசாலைகள் பிற்பகல் 1.30 க்கு விட்டுவிடும், அரச அலுவலகங்கள் 4.15 க்கு மூடிவிடும், வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கிண்ணியாவிலோ மூதூரிலோ புல்மோட்டையிலோ ஆளைப் பிடிக்க முடியாது, பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் வாயிற்கதவே பூட்டியிருக்கும். இவற்றை யோசிக்காமல் புறப்படுகிறவர், விட்ட நேரத்தை வீதியில் பிடிக்கப் பார்க்கிறார். நகரத்துக்கு வெளியே காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மணிக்கு 70 கிலோமீற்றர்தான் எல்லை என்பது அப்போது மறந்துபோகும். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படுவதற்கு முன்னர், இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு துறையில் பாதை எனும் மிதவைப் படகுக்குக் காத்திருந்த மூத்தவர்கள் நாள் முழுவதையும் அந்தப் பயணத்துக்கென்றே ஒதுக்கினார்கள். பாலம் வந்ததும் தூரம் குறைந்ததுபோல எங்களுக்கு ஒரு மயக்கம் வந்துவிட்டது.

அடுத்தது ஏற்றும் முறை. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் கட்டிய விலை பெரிது. ஓர் அலுவலகத்தின் பழைய போட்டோக்கொப்பி இயந்திரத்தைக் கடைக்குக் கொண்டுவரச் சிறிய வானின் பின்பக்கத்தில் ஏற்றினேன். ரோனர் எனும் மைத்தூள் உள்ள போத்தலைக் கழற்றிவிட்டேன், ஆனால் கழிவு ரோனர் சேரும் பெட்டியைக் கழற்றவில்லை. நார்க் கயிற்றால் ஒரு சுற்றுக் கட்டியிருந்தேன், அது ஓட்டத்தில் தளர்ந்ததை அறியவில்லை. தம்பலகாமத்துக்கு அருகில் எருமை மாடு ஒன்று வயல் பக்கமிருந்து ஏற, பிரேக்கை மிதித்தேன். பின்னால் இயந்திரம் சரிந்து ஆசனத்தில் மோதிய சத்தம் கேட்டது. அடுத்த கணம் ஏசிக் காற்றோடு சேர்ந்து கரும்புகை போல ஒன்று முன்னுக்கு வந்து, கண்ணாடியின் உட்பக்கத்தில் மெல்லிய படலமாகப் படிந்தது. ரோனர் தூளின் ஒரு துகள் ஏறத்தாழ 5 முதல் 10 மைக்ரோன் பருமன் கொண்டது, கிளம்பினால் எளிதில் அடங்காது. வீதியோரம் நிறுத்திவிட்டுப் பதற்றத்தில் ஈரத் துணியால் துடைத்தேன். கண்ணாடி சேறு பூசியதுபோல ஆகிவிட்டது, வெளிச்சம் பட்டபோது முன்னால் எதுவுமே தெரியவில்லை. வீடு வந்து சாதாரண வக்யூம் கிளீனரை வைத்தபோது, முன்னால் உறிஞ்சிய தூளை அது பின்னால் ஊதிவிட்டது.

ஆகவே ஏற்றுவதற்கு முன் ரோனர் போத்தல், கழிவு ரோனர் பெட்டி இரண்டையும் கழற்றித் தனித்தனியாக வாய்கட்டிய பைகளில் வைக்க வேண்டும். ஸ்கானருக்குப் பூட்டுத் திருகு உள்ள மாதிரியானால் அதை இறுக்க வேண்டும். இயந்திரத்தை ஒருபோதும் படுக்க வைக்காமல் நிமிர்த்தியே, முன் ஆசனத்தின் முதுகோடு ஒட்டி, இழுத்துப் பூட்டும் பட்டியால் இரண்டு திசையில் கட்ட வேண்டும். பத்துக் கிலோமீற்றர் போனதும் ஒருமுறை நிறுத்திப் பட்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏ3 தாள் எடுக்கும் பெரிய இயந்திரம் நூறு கிலோவையும் தாண்டும் என்பதால், ரயர்களின் காற்றைக் காலையில், ஓடிச் சூடாகுமுன் பார்ப்பதும் ஏற்றும் வேலையோடு சேர்ந்ததுதான். ரோனர் சிந்தினால் வாகனத்தின் யன்னல் கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு, உலர்ந்த மென்துணியால் அள்ளியெடுத்த பிறகே குளிர்ந்த தண்ணீர். சுடுநீர் பட்டால் ரோனர் இளகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும்.

வைகாசி தொடங்கிக் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வெயிலில் பூட்டி நிறுத்திய வாகனத்தின் உள்ளே ஒரு மணி நேரத்துக்குள் 50 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். ரோனர் என்பது உருகி ஒட்டுவதற்கென்றே செய்த பிசின் தூள், ஆதலால் அந்தச் சூட்டில் அது உள்ளே கட்டிபடக்கூடும். பிரதியின் உருவம் விழும் உருளையான ட்ரம்மை, வெளிச்சம் பட்டால் கெடும் என்பதை மறந்து, கறுப்பு உறையிலிருந்து எடுத்து ஆசனத்தில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறவர், திரும்பி வந்து புது ட்ரம்மிலும் நிழல் விழுகிறதே என்று இயந்திரத்தைக் குறை சொல்வார். இவையாவது பணத்தோடு போகும். 2022 இல் எரிபொருளுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற பழக்கத்தால், இன்றைக்கும் வானின் பின்னால் பெற்றோல் கான் ஒன்றை வைத்திருப்பவர்கள் எங்களில் இருக்கிறார்கள். பக்கத்திலேயே துடைக்கும் ஸ்பிரிட் போத்தல், யூபிஎஸ் பற்றரி, திருகாணிகள். மூடிய வாகனத்தில் ஆவியாகும் பெற்றோலுக்குப் பற்றரி முனையில் ஒரு திருகாணி உரசும் பொறி போதும். கந்தளாயிலோ மூதூரிலோ தாங்கியை நிரப்பிக்கொண்டு போவதற்குச் செலவாகும் நேரத்தை இதற்கு ஈடாகச் சொல்ல முடியாது.

ஓட்டிக்கொண்டே தொலைபேசியில் பழுது பார்ப்பதைப் பலர் திறமையென்று நினைக்கிறார்கள். கையில் பிடித்துப் பேசுவது சட்டப்படி குற்றம், அதில் விவாதமில்லை. காதில் மாட்டிப் பேசினால் பரவாயில்லை என்பதுதான் எங்கள் தொழிலுக்குப் பொருந்தாத நியாயம். "தாள் எங்கே சிக்குது சேர், வலப்பக்கக் கதவைத் திறந்து பச்சைப் பிடியைத் திருப்புங்கோ" என்று சொல்லும்போது, சொல்கிறவரின் மனம் அந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள் தாள் போகும் பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கண் திறந்திருந்தாலும் வீதி அதில் பதியாது. பன்குளத்துக்கு அப்பால் எந்த வளைவு கடந்தது என்றே தெரியாமல் நான் ஓட்டியிருக்கிறேன். நிறுத்திப் பேசுங்கள், அல்லது கந்தளாய்ச் சந்தியில் நின்று எடுக்கிறேன் என்று ஒரு குரல்பதிவை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

திரும்பும் வழிதான் எல்லாவற்றிலும் கடினம். வேலை முடிந்துவிட்டது என்ற நிம்மதி, வெயில், மதியச் சோற்றோடு சேர்ந்த எருமைத் தயிர் எல்லாம் கூடிப் பிற்பகல் இரண்டுக்கும் நாலுக்கும் இடையில் கண்ணை இழுக்கும். கண்ணாடியை இறக்கிப் பாட்டைக் கூட்டி வைப்பது தூக்கத்தைக் கலைக்காது, மறைக்கும். மர நிழலில் நிறுத்தி இருபது நிமிடம் கண்ணயர்வதே மருந்து. ஹபரணையிலிருந்து கந்தளாய் வரையான காட்டு வீதியில் பொழுது சாயும் நேரத்தில் யானைகள் ஏறும். ஒலியெழுப்புவதும் விளக்கை அடித்து அணைப்பதும் கிட்டப் போய்ப் படமெடுப்பதும் பழம் வீசுவதும் ஒரே வகைத் தவறுகள். தூரத்திலேயே நிறுத்தி, பின்னால் எடுக்க இடம் விட்டு, அது கடக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒன்று கடந்துவிட்டால் பின்னால் குட்டியோடு இன்னொன்று வரக்கூடும் என்று எண்ணியே நகர வேண்டும். அறுவடைக் காலத்தில் வீதியின் ஒரு பாதியில் காயும் நெல்லும், இரவில் தாரின் சூட்டுக்குப் படுத்திருக்கும் மாடுகளும் மோட்டார் சைக்கிளில் போகிறவரை யானையைவிட அதிகம் விழுத்தும். ஐப்பசியில் மாரியின் முதல் மழை, மாதக்கணக்கான தூசியையும் எண்ணெயையும் கிளப்பி வீதியை வழுக்கலாக்கும் நாளில் வேகத்தைப் பாதியாக்குங்கள். மார்கழியில் மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கம் தாழ்ந்த இடங்களில் நீர் ஓடினால், முன்னால் போன லொறியின் தடத்தைப் பார்த்து வானை இறக்காதீர்கள்.

இத்தனை அவசரத்துக்கும் பின்னால் பெரும்பாலும் ஒரு பற்றுச்சீட்டு இருக்கிறது. பயணச் செலவைத் தனி வரியாக எழுதக் கூச்சப்பட்டு, அதை ஈடுகட்ட ஒரே நாளில் மூன்று ஊர் வேலையை எடுத்துக்கொள்கிறோம். நான் இப்போது விலைமதிப்பீட்டிலேயே கிலோமீற்றர்க் கணக்கை எழுதிக் கொடுக்கிறேன். மாலை நாலரைக்குப் பின் ஹபரணையில் நிற்க நேர்ந்தால் தங்குவதற்கென்று ஒரு சாரமும் துவாயும் வானில் எப்போதும் கிடக்கின்றன.