பழகாத குதிரைக்குத் தரையில் நின்றே பக்கவாட்டு நடை

அந்தியூர் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தையில் மருதாணியை வாங்கியபோது அதற்கு நான்கு வயது. செம்பழுப்பு நிறத்துக் கத்தியவார் பெட்டை. காதுகளை நிமிர்த்தினால் நுனிகள் இரண்டும் ஒன்றையொன்று தொடும். முதுகில் யாரும் ஏறியதில்லை என்றார் விற்றவர். ஆனால் யாரோ அதை நாட்டியத்துக்குப் பழக்க முயன்றிருக்க வேண்டும். நான் கையில் குச்சி எடுத்தாலே தலையை உயரத் தூக்கிக்கொண்டு பின்வாங்கியது. ஆகவே பக்கவாட்டு நடையை, அதாவது கால்களைக் குறுக்கே வைத்துப் பக்கவாட்டில் நகர்வதை, சேணத்தின் மேலிருந்து அல்ல, தரையில் நின்றபடி தொடங்கினேன். பழகாத எந்தக் குதிரைக்கும் இதுவே நல்ல வழி என்பது என் உறுதியான எண்ணம். முதுகில் ஆள் இல்லாதபோது அது தன் கால்களை மட்டும் நினைத்தால் போதும். நமக்கும் அந்தக் கால்கள் கண்முன்னே தெரியும்.

தேவையானவை கொஞ்சம்தான். கடிவாளம் வேண்டாம். நன்றாகப் பொருந்தும் தலைக்கயிறு, அதில் மாட்ட மூன்று மீட்டர் நீளப் பிடிகயிறு, ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் மெல்லிய பயிற்சிக் குச்சி, கையுறை, கெட்டியான காலணி. பிடிகயிற்றைக் கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளாதீர்கள். மடித்துப் பிடியுங்கள். குதிரை பாய்ந்தால் விரல் போய்விடும்.

இடமும் முக்கியம். எங்கள் தென்னந்தோப்பின் நடுவே, ஒரு பக்கம் சுவர் உள்ள செம்மண் களம் இருக்கிறது. தினமும் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் தெளித்து, ஒரு தென்னை மட்டையை அதன் மேல் இழுத்துச் சமப்படுத்திவிடுவேன். குளம்படிகள் அந்த மண்ணில் எழுத்துப்போல் பதியும். வேலை முடிந்ததும் அவற்றைப் படித்தால், நான் கவனிக்கத் தவறியவை எல்லாம் தெரிந்துவிடும்.

முதல் நான்கு நாட்கள் குச்சியால் எதையும் கேட்கவில்லை. கழுத்து, முதுகு, விலா, தொடை, கால் என்று இரு பக்கமும் தடவிக்கொடுத்தேன். குச்சி தொட்டாலும் மருதாணி தலையைத் தாழ்த்தியே நிற்கப் பழகிய பிறகுதான் அடுத்த படி. இதைத் தாண்டிச் சென்றால் பயத்தின் மேல் பாடம் கட்டுவதாகிவிடும்.

முதல் பாடம், பின்பகுதியை விலக்குவது. குதிரையின் இடப்பக்கம், தோளுக்கு அருகில், விலாவைப் பார்த்தபடி நில்லுங்கள். தலை உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். பிடிகயிறு இடக்கையில், குச்சி வலக்கையில். தலையை உங்கள் பக்கம் சற்றே திருப்புங்கள். இடக்கண்ணின் ஓரம் தெரியும் அளவுக்குத்தான், கழுத்து வளையும் அளவுக்கு அல்ல. பிறகு குச்சியின் நுனியை விலாவில், சவாரி செய்பவரின் கால் படும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்துக் காத்திருங்கள். அசைவில்லை என்றால் மெல்லத் தட்டுங்கள். இடது பின்னங்கால் தரையிலிருந்து எழும் அந்த நொடியிலேயே குச்சியை எடுத்துவிட வேண்டும். கால் ஊன்றிய பிறகு எடுத்தால் தாமதம்.

மொத்தப் பயிற்சியின் உயிர் இந்த ஒரு நொடியில்தான் இருக்கிறது. குச்சி பட்டதால் குதிரை கற்பதில்லை. எப்போது விலகியது என்பதிலிருந்துதான் கற்கிறது. கால் எழும்போது விட்டால், கால் எழுப்பியதுதான் விடை என்று புரிந்துகொள்ளும். தலையை உதறும்போது விட்டால் உதறுவதைக் கற்கும். இந்தப் பாடத்தின் முதல் நாள் மருதாணியை ஒரே ஒரு அடி மட்டும் எடுத்துவைக்கச் செய்தேன். கழுத்தைத் தடவி, கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அன்றைக்கு அவ்வளவுதான்.

இடது பின்னங்கால் வலது பின்னங்காலுக்கு முன்னால் குறுக்கே போக வேண்டும். பின்னால் போனால் குதிரை பின்வாங்குகிறது என்று பொருள். இரண்டடி முன்னே நடத்திவிட்டு மறுபடி கேளுங்கள். மாறாக முன்னோக்கி ஓடப் பார்த்தால் மூக்கைச் சுவருக்கு நேராக நிறுத்துங்கள். சுவர் தடுத்துக்கொள்ளும், நீங்கள் கயிற்றை இழுக்க வேண்டியிருக்காது.

தோளை விலக்குவது இதைவிடக் கடினம். நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் முன்னங்கால்களில் இருக்கிறது. அதனால் முதலில் எடையைப் பின்னால் சாயும்படி மிக மெல்லக் கேட்டு, உடனே ஒரு கையைத் தாடையருகிலும் மறுகையைத் தோளிலும் வைத்து விலகச் சொல்லுங்கள். தள்ளாதீர்கள். தள்ளினால் அது உங்கள் மேல் சாய்ந்துகொள்ளும், அந்தப் போட்டியில் நாம் ஜெயிக்க முடியாது.

இரண்டும் இரு பக்கமும் வந்த பிறகு நடையில் சேர்க்கலாம். தோளை உள்ளே வாங்கும் நடையை, அதாவது முன்பகுதி உள்பக்கம் சாயக் குதிரை சற்றுக் குறுக்காக நடப்பதை, குதிரைப் பயிற்சியில் தேர்ந்த இங்கிலாந்தின் நியூகாசில் பிரபு 17ஆம் நூற்றாண்டில் வட்டத்தில் செய்துவந்தார். அடுத்த நூற்றாண்டில் பிரான்சின் குதிரையேற்ற ஆசிரியர் லா கெரினியேர் அதைச் சுவரோரம் நேர்கோட்டுக்குக் கொண்டுவந்தார். நாமும் அதே வரிசையில் போவதுதான் குதிரைக்கு எளிது. சுவர் குதிரையின் வலப்பக்கம் இருக்க, எட்டு மீட்டர் வட்டம் ஒன்று நடத்துங்கள். வட்டம் முடிந்து சுவருக்கு வந்து, அடுத்த வட்டத்தின் முதல் அடிக்காகத் தோள் உள்ளே திரும்பும்போது, வட்டத்தைத் தொடராமல் சுவரோரமாகவே போகச் சொல்லுங்கள். நீங்கள் அதன் தலைக்கு அருகில் பின்னோக்கி நடக்கிறீர்கள், குச்சியின் நுனி விலாவின் அருகில் இருக்கிறது. சாய்வு முப்பது டிகிரி போதும். இரண்டு அடி, மூன்று அடி. உடனே நேராக முன்னே நடத்திவிடுங்கள்.

பிறகு மண்ணைப் பாருங்கள். மூன்று தடங்கள் தெரிய வேண்டும்: சுவரோரம் வலது பின்னங்கால், நடுவில் இடது பின்னங்காலும் வலது முன்னங்காலும் ஒரே கோட்டில், உள்ளே இடது முன்னங்கால். நான்கு தடங்கள் என்றால் சாய்வு அதிகம். இரண்டே என்றால் கழுத்து மட்டும் வளைந்து உடல் நேராகப் போயிருக்கிறது. தொடக்கத்தில் மருதாணியின் தடங்கள் இரண்டுதான். கயிற்றை நான் அதிகமாக இழுத்ததே காரணம்.

மூன்றாவது வாரத்தில் ஒரு தவறு செய்தேன். வலப்பக்கம் நின்று கேட்டால் மட்டும் மருதாணி வாலை வீசியது, காதுகளைப் பின்னால் மடித்தது, நகர மறுத்தது. எப்போதும் இடப்பக்கமாகவே கையாளப்பட்ட குதிரை, இந்தப் பக்கம் பழக்கமில்லை என்று நினைத்து இரண்டு நாட்கள் மேலும் தட்டினேன். லாடம் அடிப்பவர் வந்து காலைத் தூக்கிப் பார்த்தபோது, வலது பின்குளம்பின் அடியில் கல் குத்திய கன்றல் இருந்தது. குறுக்கே வைத்து எடையை ஏற்றும் ஒவ்வொரு முறையும் அதற்கு வலித்திருக்கிறது. அந்த இரண்டு நாட்களை நினைத்தால் இன்றும் மனம் கலங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் மறுத்தால் முதலில் குளம்பைப் பாருங்கள், பிறகு கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். பாடத்தை நிறுத்திவையுங்கள்.

ஒரு வேளைக்குப் பத்து நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள், அதற்கு மேல் வேண்டாம். குறுக்கடி மூட்டுகளை முறுக்கும் வேலை. முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதிகள்) மூடுவதற்கே குதிரைக்கு ஐந்து, ஆறு வயது ஆகிவிடும். மூன்று வயதுக்கு உட்பட்ட குட்டியிடம் ஓரிரு அடிகளுக்கு மேல் நான் கேட்பதில்லை.

ஒன்பதாவது வாரம் முதல் முறையாக மருதாணியின் மேல் என் மகள் ஏறினாள். நான் வழக்கம்போல் தலையருகில் நின்றேன். அவள் இடது காலை விலாவில் லேசாக வைத்தாள். அதே நேரத்தில் நான் குச்சியின் நுனியை அவள் குதிகாலுக்குப் பின்னால் காட்டினேன். நான்காவது முறை குச்சியைக் காட்டாமல் தாழ்த்தியே வைத்திருந்தேன். மருதாணியின் இடது பின்னங்கால் எழுந்து குறுக்கே போனது, மகள் உடனே தன் காலைத் தளர்த்தினாள்.