போன தடவை வாங்கிய சொட்டு மருந்து

கண்ணில் ஹெர்பிஸ் வைரஸ் தொற்று ஒருமுறை வந்துபோனவர்கள், மறுபடி கண் சிவந்து கூசினால் முதலில் தேடுவது போன தடவை மிச்சம் வைத்த சொட்டு மருந்தைத்தான். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

ஒரே வைரஸ், கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கருவிழியில் இரண்டு விதமான நோயைக் கொண்டுவரும். அதன் மேல்தோலில் வைரஸே பெருகிப் புண்ணாக்கும். ஃப்ளோரசீன் சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தால், நுனிகளில் சிறு மொட்டுகளோடு மரக்கிளைபோல அந்தப் புண் பச்சையாக ஒளிரும். அங்கே தேவை வைரஸ் எதிர்ப்பு மருந்து. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டுச் சொட்டை மட்டும் விட்டால் கிளை பரந்து பெரும்புண்ணாகிவிடும்.

நடு அடுக்கான ஸ்ட்ரோமாவில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் சேதம் செய்வது வைரஸைத் தேடி வந்த நம் நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்களும் மற்ற வெள்ளணுக்களும்தான். வரிசை பிசகாமல் அடுக்கியிருந்த கொலாஜன் இழைகள் கலையும், ரத்தக்குழாய்கள் உள்ளே புகும், தெளிந்திருந்த இடம் தழும்பாகும். இதை அடக்க ஸ்டீராய்டு வேண்டும், வைரஸ் எதிர்ப்பு மருந்தின் காவலோடு. ஆக, போன தடவை பார்வையைக் காத்த அதே பாட்டில் இந்தத் தடவை கெடுக்கலாம். எந்த அடுக்கில் நோய் என்பது கண்ணாடி முன் நின்று பார்த்தால் தெரியாது.

சிவப்பு வடிந்ததும் ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவது அடுத்த தவறு. அழற்சி திரும்ப எகிறும். 1994-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 10 வாரம் படிப்படியாகக் குறைத்தார்கள். ஸ்டீராய்டு விடாதவர்களோடு ஒப்பிட்டால், நோய் நீடிப்பதும் முற்றுவதும் 68 சதவீதம் குறைந்தது.

வலி இல்லையே என்று தள்ளிப்போடுவதும் ஆபத்து. ஹெர்பிஸ் கருவிழியின் உணர்வு நரம்புகளையே மழுங்கடிக்கும். நோய் முற்றும்போதும் வலி குறைவாகவே இருக்கலாம். பார்வை மங்குவதைத்தான் கவனிக்க வேண்டும்.

கண் நன்றாக இருக்கும்போது தினமும் மாத்திரை எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். முன்பு ஸ்ட்ரோமா அழற்சி வந்தவர்கள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையான அசைக்ளோவிர் 400 மி.கி. தினம் இருவேளை ஓராண்டு எடுத்தபோது, அது திரும்ப வருவது 28 சதவீதத்திலிருந்து 14 ஆனது. வைரஸ் முக்கிளை நரம்பின் முடிச்சில் ஆயுள் முழுக்கத் தூங்குகிறது. மாத்திரை அதை அழிக்காது, அடக்கி வைக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஸ்டீராய்டு விடும் நாட்களில் கண் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்தும் அதை ஏற்றும், நோயும் ஏற்றும்.