சுறா வாய், சிவப்பு வால்: அமெரிக்கச் சண்டை விமானிகளைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூக்கில் சுறாவின் வாயும் பல்லும் வரைந்த பி-40 என்ற அமெரிக்கச் சண்டை விமானத்தின் படம் வாட்ஸாப்பில் அடிக்கடி வரும். அடியில் "பறக்கும் புலிகள்" என்று போட்டிருப்பார்கள். அப்படிப் படம் வந்தால் நான் பல்லைப் பார்ப்பதில்லை, இறக்கையைப் பார்ப்பேன். நீல வட்டத்துக்குள் பன்னிரண்டு கதிர்களோடு வெள்ளைச் சூரியன் இருந்தால் அது சீனாவின் முத்திரை. அந்த விமானம் உண்மையிலேயே பறக்கும் புலிகளுடையதாக இருக்கலாம். வெள்ளை நட்சத்திரம் இருந்தால் அது அமெரிக்க ராணுவத்தின் விமானம், அநேகமாக அந்தக் குழு கலைக்கப்பட்ட பிறகு எடுத்த படம். நட்சத்திரத்தின் இருபுறமும் வெள்ளைப் பட்டைகள் ஒட்டியிருந்தால் 1943 ஜூனுக்கு முன்பு எடுத்திருக்கவே முடியாது, ஏனென்றால் அந்தப் பட்டைகளே அப்போதுதான் வந்தன.

இந்த வரலாற்றில் நான் பார்க்கும் பெரும்பாலான தவறுகள் இப்படிப்பட்டவைதான். வீரத்தைப் பற்றி எழுதுகிறோம், ஆனால் எந்தத் தேதியில், எந்த அணியில், யாருடைய கொடியின் கீழ் என்று கேட்க மறந்துவிடுகிறோம். அதைக் கேட்டுவிட்டால் பாதித் தவறுகள் அங்கேயே நின்றுவிடும்.

பறக்கும் புலிகளையே எடுத்துக்கொள்வோம். கிளேர் ஷெனால்ட் தலைமையில் சீனாவுக்காகப் போரிட்ட அமெரிக்கத் தன்னார்வக் குழு அது. அமெரிக்க ராணுவம், கடற்படை, மரீன் படை மூன்றிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் அதன் விமானிகள். மாதம் 600 டாலருக்குக் குறையாத சம்பளம், வீழ்த்தும் ஒவ்வொரு ஜப்பானிய விமானத்துக்கும் 500 டாலர். பயிற்சி பர்மாவில் தௌங்கு பக்கத்தில் நடந்தது. இவர்களைப் பற்றி எழுதும் எல்லோரும் செய்யும் தவறு, "பேர்ல் ஹார்பருக்கு முன்பே ஜப்பானோடு மோதியவர்கள்" என்பது. இவர்களுடைய முதல் வான்சண்டை சீனாவின் குன்மிங் அருகே 1941 டிசம்பர் 20 அன்று நடந்தது, அதாவது பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டு 13 நாள் கழித்து. குழு கலைக்கப்பட்டது 1942 ஜூலை 4. ஆக ஏழு மாதம்கூட முழுதாகப் போரிடவில்லை. அதற்குப் பிறகு அதே வானில், அதே சுறா வாயோடு பறந்தது அமெரிக்க ராணுவத்தின் 23ஆவது ஃபைட்டர் குரூப் என்ற சண்டை விமானத் தொகுதி. பழைய விமானிகளில் மிகச் சிலரே அதில் தொடர்ந்தார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், பின்னவர்கள் மூன்று ஆண்டு பட்ட பாடு முன்னவர்கள் கணக்கில் போய்விடுகிறது.

இன்னும் இரண்டு சறுக்கல்கள் இதிலேயே உண்டு. அவர்கள் எதிர்கொண்டது "ஜீரோ" விமானங்கள் என்று எழுதுவார்கள். ஜீரோ ஜப்பானியக் கடற்படையின் விமானம். இவர்கள் மோதியது ஜப்பானிய ராணுவத்தோடு, அதன் கேஐ-27, கேஐ-43 போன்ற சண்டை விமானங்களோடு. அப்புறம் அந்தச் சுறா வாய். அது அவர்கள் கண்டுபிடித்ததில்லை. வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் விமானப்படையின் 112ஆவது ஸ்குவாட்ரன் என்ற அணி தன் விமானங்களில் வரைந்திருந்ததைப் பத்திரிகைப் படத்தில் பார்த்து வரைந்தார்கள். அந்த 112ஆவது ஸ்குவாட்ரனோ ஜெர்மானியர்களின் இரட்டை எஞ்சின் விமானங்களைப் பார்த்து வரைந்தது.

நமக்கும் இந்தக் கதைக்கும் ஒரு நிஜமான தொடர்பு இருக்கிறது. 1941 டிசம்பர் 23, 25 ஆகிய இரு நாளும் ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தபோது, மிங்கலடோன் விமானதளத்திலிருந்து மேலேறியவர்கள் பிரிட்டிஷ் விமானப்படை விமானிகளும் இந்தக் குழுவின் மூன்றாவது ஸ்குவாட்ரனும்தான். கீழே அந்த நகரத்தில் 1931 கணக்கெடுப்பின்படி பாதிக்கும் மேல் இந்தியர்கள், அவர்களில் தமிழர்களும் கணிசம். துறைமுகக் கூலிகளும் கடைக்காரர்களும் அந்தக் குண்டுகளுக்குப் பிறகுதான் கூட்டம் கூட்டமாக இந்தியாவை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். நம் வீடுகளில் பாட்டிகள் சொன்ன பர்மா நடைக்கு மேலே, அதே வாரத்து வானத்தில் நடந்த சண்டை இது.

சரி, இப்போது தமிழில் எழுதுவதாலேயே வரும் தவறுகள். முதலாவது, "போர் விமானம்" என்ற சொல். சண்டை விமானத்துக்கும் அதைத்தான் எழுதுகிறோம், குண்டுவீச்சு விமானத்துக்கும் அதைத்தான் எழுதுகிறோம். "போர் விமானங்களுக்குத் துணையாகப் போர் விமானங்கள் சென்றன" என்று ஒரு கட்டுரையில் பார்த்தபோது வருத்தமாக இருந்தது. ஒன்று பத்துப் பேரைச் சுமந்துகொண்டு நேர்கோட்டில் போக வேண்டியது, மற்றது ஒற்றை விமானியோடு அதைக் காக்கப் போவது. இந்த வேறுபாடு இல்லாமல் கதையே இல்லை. சண்டை விமானம், குண்டுவீச்சு விமானம் என்று பிரித்து எழுதினால் போதும்.

அடுத்தது "அமெரிக்க விமானப்படை". இரண்டாம் உலகப் போரில் அப்படியொரு தனிப்படை கிடையாது. இருந்தது அமெரிக்க ராணுவத்தின் வான்படை. தனி விமானப்படை பிறந்தது 1947 செப்டம்பர் 18 அன்று. கடற்படைக்கும் மரீன் படைக்கும் தனித்தனியே சண்டை விமானிகள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். விமானத்தின் பெயரும் இப்படித்தான் மாறியது. மஸ்டாங் என்ற சண்டை விமானத்தின் பெயரான பி-51 என்பதில் உள்ள "பி" துரத்துவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. 1948இல் அதை "எஃப்" ஆக்கினார்கள். எனவே கொரியப் போரில் பறந்த அதே மஸ்டாங் எஃப்-51.

ஸ்குவாட்ரன், குரூப், விங் மூன்றையும் "படைப்பிரிவு" என்று ஒரே சொல்லால் எழுதுவதும் பெரிய குழப்பம். அன்றைய அமெரிக்க முறையில் வழக்கமாக மூன்று ஸ்குவாட்ரன் சேர்ந்தது ஒரு ஃபைட்டர் குரூப். ஐரோப்பாவில் ஒரு குரூப் ஒரு பயணத்துக்குப் பெரும்பாலும் 48 விமானங்களை அனுப்பும். குரூப்புகளுக்கு மேலே விங். பிரிட்டனில் நேர்மாறு, அங்கே குரூப் பெரியது, விங் சிறியது. இந்திய விமானப்படை பிரிட்டிஷ் வழியில் வந்ததால், "விங் கமாண்டர்" போன்ற பதவிப் பெயர்கள் நம் காதில் ஊறியிருக்கின்றன. அமெரிக்கர்களிடம் அந்தப் பதவிகளே இல்லை. அவர்களுடைய விமானப்படையில் கேப்டன் என்றால் நம் ஃப்ளைட் லெப்டினன்டுக்குச் சமம். கடற்படையில் கேப்டன் என்றால் கர்னலுக்குச் சமம். வியட்நாம் போரில் விமானப்படையின் கேப்டன் ஸ்டீவ் ரிச்சியும் கடற்படையின் லெப்டினன்ட் ராண்டி கன்னிங்ஹாமும் ஒரே படியில் நின்றவர்கள். பெயரை மட்டும் பார்த்தால் ஒருவர் மற்றவருக்கு மேலதிகாரி போலத் தோன்றும்.

வேற்றுநாட்டுக் கொடியின் கீழ் பறந்தவர்களை ஒன்றாக்கிவிடுவதும் நடக்கிறது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காக 1916 ஏப்ரலில் உருவானது லஃபாயெட் ஸ்குவாட்ரன். அதில் இருந்த அமெரிக்கர்கள் மொத்தமே 38 பேர். பிரெஞ்சு அணிகள் பலவற்றிலும் சிதறிப் பறந்த மற்ற அமெரிக்கர்களை லஃபாயெட் பறக்கும் படை என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காகப் பறந்த ஈகிள் ஸ்குவாட்ரன்கள் வேறு. 71, 121, 133 என்ற அந்த மூன்றும் 1942 செப்டம்பர் 29 அன்று டெப்டன் தளத்தில் அமெரிக்க ராணுவத்துக்கு மாறி, 4ஆவது ஃபைட்டர் குரூப் ஆயின.

யூஜின் புல்லார்டை லஃபாயெட் ஸ்குவாட்ரனில் சேர்த்து எழுதுவது இதனால் வரும் பிழை. முதல் கறுப்பின அமெரிக்கச் சண்டை விமானி அவர். பிரான்சின் வெர்டனில் காலாட்படை வீரராகக் காயம்பட்டு, பிறகு விமானி ஆனார், வேறு பிரெஞ்சு அணிகளில் பறந்தார். அமெரிக்கா போரில் இறங்கியதும் மற்ற அமெரிக்க விமானிகளைத் தன் படைக்கு எடுத்துக்கொண்டது, அவரை எடுக்கவில்லை. "லஃபாயெட் ஸ்குவாட்ரன் வீரர்" என்று நாமே ஓர் இடத்தைக் கொடுத்தால், அவருக்கு மறுக்கப்பட்டது என்ன என்பதே மறைந்துவிடும். பின்னாளில் நியூயார்க்கில் ராக்கபெல்லர் சென்டரில் லிஃப்ட் இயக்குபவராக வேலை பார்த்தார். அமெரிக்க விமானப்படை 1994இல்தான், அவர் இறந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகு, அவருக்கு அதிகாரிப் பதவி கொடுத்தது.

இனி எண்ணிக்கை. ஐந்து எதிரி விமானங்களை வான்சண்டையில் வீழ்த்தியவரை "ஏஸ்" என்பார்கள். அமெரிக்கர்களில் முதலிடம் ரிச்சர்ட் பாங், 40. அடுத்து தாமஸ் மெக்குயர், 38. கடற்படையில் டேவிட் மெக்கேம்பல், 34. இந்த எண்களைக் கிரிக்கெட் ரன் மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் உலகப் போரில் மூன்று அமெரிக்கர்கள் சேர்ந்து ஒரு விமானத்தை வீழ்த்தினால் மூவருக்கும் ஆளுக்கு ஒன்று. இரண்டாம் உலகப் போரில் ராணுவ வான்படை பின்னமாகப் பிரித்துக் கொடுத்தது. இங்கிலாந்திலிருந்து இயங்கிய எட்டாவது வான்படை தரையில் நிற்கும்போது அழித்த விமானங்களையும் கணக்கில் எழுதிக்கொண்டது. எனவே ஒரே விமானிக்கு இரண்டு நூலில் இரண்டு எண் இருந்தால், அவை வேறு வேறு விதிகளால் வந்தவையாக இருக்கலாம்.

அங்கீகரிக்கப்பட்ட எண்ணும் எதிரியின் உண்மையான இழப்பும் ஒன்றல்ல. விமானி பொய் சொன்னான் என்று அர்த்தமில்லை. ஒரு நொடி சுடுகிறார், முன்னே போகும் விமானம் கரும்புகை கக்கிக்கொண்டு மேகத்துக்குள் பாய்கிறது. அடிபட்டதாலும் அந்தப் புகை வரும், தப்பிக்க எஞ்சினை முழுவேகத்தில் திறந்தாலும் வரும். பின்தொடர்ந்து பார்க்க முடியாது, பின்னால் இன்னொருவன் வந்துகொண்டிருப்பான். கொரியப் போர் முடிந்ததும் எதிரியின் 792 மிக் விமானங்களை வீழ்த்தி, தங்கள் சேபர் விமானங்களில் 78ஐ மட்டும் இழந்ததாக அமெரிக்கர்கள் சொன்னார்கள். அந்தப் பத்துக்கு ஒன்று இன்று நிற்கவில்லை, சோவியத் ஆவணங்கள் வெளிவந்த பிறகு விகிதம் வெகுவாக இறங்கிவிட்டது. சோவியத் விமானிகள் வீழ்த்தியதாகச் சொன்ன சேபர்களின் எண்ணும் அதேபோல ஊதியதுதான்.

ஏஸ் என்றாலே விமானி என்பதும் தவறு. வியட்நாம் போரில் அமெரிக்காவுக்கு ஐந்து ஏஸ்கள். அதில் விமானிகள் ரிச்சியும் கன்னிங்ஹாமும் மட்டுமே. மற்ற மூவரும் எஃப்-4 விமானத்தின் பின்னிருக்கையில் உட்கார்ந்து ராடாரைப் பார்த்தவர்கள். மிக அதிகமாக ஆறு என்ற எண்ணிக்கை வைத்திருப்பவர் அவர்களில் ஒருவரான சார்ல்ஸ் டிபெல்வியூ.

எல்லாவற்றையும் விட நான் மனசார நேசிக்கும் அணி டஸ்கீகி விமானிகள். அதனால்தான் அவர்களைப் பற்றிய தவறுகள் என்னை அதிகம் உறுத்துகின்றன. அலபாமாவில் டஸ்கீகியில் பயிற்சி பெற்ற கறுப்பின விமானிகள் இவர்கள். பெஞ்சமின் டேவிஸ் ஜூனியர் தலைமையில் இத்தாலியிலிருந்து பறந்தார்கள். "இவர்கள் காவலுக்குப் போன குண்டுவீச்சு விமானங்களில் ஒன்றைக்கூட எதிரி விமானத்திடம் இழந்ததில்லை" என்ற வரியைப் படிக்காதவர் இருக்க மாட்டார். 1945 மார்ச் 24 தேதியிட்ட சிகாகோ டிஃபெண்டர் பத்திரிகை அப்படி எழுதியது, அது பரவியது. பிற்காலத்தில் அமெரிக்க விமானப்படையின் வரலாற்று ஆய்வகத்தைச் சேர்ந்த டேனியல் ஹால்மன் பயண அறிக்கைகளையும் இழப்பு அறிக்கைகளையும் நாள் நாளாக ஒப்பிட்டார். 179 காவல் பயணங்களில் 27 குண்டுவீச்சு விமானங்கள் எதிரி விமானங்களால் வீழ்ந்திருந்தன. அதில் பாதிக்கும் மேல் ஒரே நாளில், 1944 ஜூலை 18 அன்று, ஜெர்மனியின் மெமிங்கன் செல்லும் வழியில்.

இதைச் சொன்னால் அவர்களைக் குறைப்பதாகச் சிலர் கோபப்படுகிறார்கள். அதே ஹால்மன் இன்னொன்றையும் கணக்கிட்டார். அதே வான்படையில் அதே வேலை செய்த மற்ற சண்டை விமானக் குரூப்புகள் காவலில் இழந்த குண்டுவீச்சு விமானங்கள் சராசரியாக 46. இவர்களுடையது 27. இந்த எண்ணைச் சொல்லுங்கள், அது அவர்களுக்கு உரியது. "ஒன்றுமே இல்லை" என்று எழுதினால், அன்று மெமிங்கன் வழியில் விழுந்த விமானங்களில் இருந்தவர்களை இல்லாமல் ஆக்கிவிடுகிறோம்.

இவர்களை ஒரே ஸ்குவாட்ரனாக எழுதுவதும் உண்டு. 99ஆவது ஸ்குவாட்ரன் 1943இலேயே வட ஆப்பிரிக்காவில் பி-40 விமானங்களோடு போருக்குப் போய்விட்டது. இவர்களுடைய 332ஆவது குரூப்பின் மற்ற மூன்று ஸ்குவாட்ரன்களோடு சேர்ந்தது 1944 ஜூலையில். விமானத்தின் வாலில் இவர்கள் பூசிய சிவப்பு அந்தக் காலகட்டத்து அடையாளம். எனவே 1944 ஜனவரியில் இத்தாலியின் அன்சியோ மேலே பறந்த பி-40க்குச் சிவப்பு வால் வரையாதீர்கள்.

மஸ்டாங் பற்றி ஒன்று. "மஸ்டாங்தான் முதலில் பெர்லின் வரை போனது" என்பார்கள். 1944 மார்ச் 3 அன்று அங்கே முதலில் போய்ச் சேர்ந்த அமெரிக்கச் சண்டை விமானங்கள் 55ஆவது ஃபைட்டர் குரூப்பின் இரட்டை வால் பி-38கள்.

கடைசியாக அந்தப் படங்களுக்கே திரும்புகிறேன். நல்ல தெளிவான படம் கிடைத்தால் விமானி அறையின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பல விமானங்களில் அங்கே விமானியின் பெயருக்குக் கீழே இன்னும் ஓரிரு பெயர்கள் சின்ன எழுத்தில் இருக்கும். விமானத்தை இரவெல்லாம் பழுது பார்த்த தலைமை மெக்கானிக், துப்பாக்கிகளுக்குக் குண்டு ஏற்றியவர். ஒரே விமானத்தை வெவ்வேறு நாளில் வெவ்வேறு விமானிகள் ஓட்டியிருப்பார்கள், ஆனால் அந்த மெக்கானிக் பெரும்பாலும் மாறியிருக்க மாட்டார். படத்துக்கு அடியில் பெயர் போடும்போது அவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.